முன்னால் ஐந்து, பின்னால் ஐந்து

எங்கள் தோட்டத்து உதைபந்தாட்ட அணி ஞாயிற்றுக்கிழமை தோற்றால் திங்கட்கிழமை பெரட்டு அரை மணி நேரம் பிந்தும். ஜெயித்தால் பிந்தாது. ஜெயித்ததைப் பற்றிப் பேச யாருக்கும் ஒன்றும் இருக்காது. ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறை ஜெயித்தாலே பெரிய காரியம் என்பதால் பெரும்பாலான திங்கட்கிழமைகளில் துரையிடம் ஏச்சு வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்தான். நான் அங்கே கணக்கப்பிள்ளை. விடிந்ததும் பெரட்டுக்களத்தில் நின்று பேர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்குக் கொழுந்துக்குப் போவது என்று பிரித்து அனுப்புவது என் வேலை.

கூப்பிட விட்டால்தானே அனுப்புவதற்கு. நான் செக்ரோல் புத்தகத்தைத் திறந்து முதல் பேரை வாசிக்கும்போதே பின்னால் ஒரு தொண்டை செருமும். மாரிசாமி. அவர் என் பெரட்டு ஆளே இல்லை. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கும் மெசினில் வேலை. இரவு முறை முடிந்து, உடம்பெல்லாம் பச்சைத் தேயிலை வாடையோடு வீட்டுக்குப் போக வேண்டிய மனிதர், வழியில் பெரட்டுக்களத்தில் நின்றுவிடுவார். கக்கத்தில் பழைய தேயிலைப் பெட்டியின் மூடி ஒன்று இருக்கும். அதைத் தரையில் வைத்து, மடியிலிருந்து பதினொரு தேயிலை விதைகளை எடுத்து அடுக்குவார். விதைகள் நம் ஆட்கள். எதிரணிக்குக் கூழாங்கல்.

அவ்வளவுதான், கூட்டம் கூடிவிடும். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு ஆண்கள், கொழுந்துக்கூடையை நெற்றியில் மாட்டியபடி பெண்கள். இடது கால்காரனை வலது பக்கம் விட்ட அணி மனேஜருக்கு மூளை இருக்கிறதா என்று ஒருவர் கேட்பார். மனேஜரை விடு, நடுவில் நின்றவன் முதல் நாள் கள்ளுத் தவறணையில் நின்றதை நான் பார்த்தேன் என்பார் இன்னொருவர். பின்னால் ஆள் கூட்டிப் போட்டிருந்தால் இரண்டு கோலைத் தடுத்திருக்கலாம் என்று ஒரு அம்மா சொல்வார். தடுத்து என்ன, நாம் ஒன்றாவது அடித்தோமா என்று அவர் புருஷனே மடக்குவார். போன மாதம் சொன்னதை இந்த மாதமும் சொல்வார்கள். ஒரு சொல் மாறாது. எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் செக்ரோலை மூடி வைத்துவிட்டு நானும் போய்க் குந்திக்கொள்வேன், பொய் சொல்ல மாட்டேன்.

எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு மாரிசாமி ஒரே ஒரு காரியம் செய்வார். பின்வரிசையில் இருக்கும் ஒரு விதையை எடுத்து முன்வரிசையில் நடுவில் வைப்பார்.

"இது இங்க இருக்க வேண்டிய விதை ஐயா. அங்க இல்ல" என்பார். பெரட்டில் மட்டும் நான் அவருக்கு ஐயா. மைதானத்தில் என்றால் அடா புடாதான். இருவரும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள்.

அந்த விதையின் பேர் ஜீவன். மாரிசாமியின் அக்கா பெரியாயியின் ஒரே மகன். அவன் பந்தோடு ஓடுவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். நாலு பேர் சூழ்ந்தாலும் பந்து அவன் காலை விட்டுப் போகாது. போனால் கோல் கம்பத்துக்குள்தான் போகும். பிறகு ஏன் அவனைப் பின்னால் போட்டு வைத்திருந்தார்கள் என்று வெளித் தோட்டத்து ஆட்கள் கேட்பார்கள். அதைச் சொல்ல எங்களுக்கே வெட்கமாக இருக்கும்.

எங்கள் தோட்டத்தில் இரண்டு தொழிற்சங்கம். பெரிய சங்கம், புதுச் சங்கம் என்று சொல்வோம். தொண்ணூற்றிரண்டில் ஒரு ஆட்டத்தின்போது பெரிய சங்கத்துப் பையன் ஒருவன் புதுச் சங்கத்துப் பையனுக்குப் பந்தைக் கொடுக்கவில்லை என்று மைதானத்தில் தொடங்கிய வாய்ச்சண்டை லயம் வரை போய் இரண்டு மண்டை உடைந்தது. துரை மைதானத்தைப் பூட்டினார். ஆறு மாதம் கழித்து இரு சங்கத் தலைவர்களையும் உட்கார வைத்து ஒரு ஒப்பந்தம் செய்தார்கள். முன்னால் ஆடும் ஐந்து பேரும் பெரிய சங்கத்து வீட்டுப் பிள்ளைகள். பின்னால் ஆடும் ஐந்து பேரும் புதுச் சங்கத்து வீட்டுப் பிள்ளைகள். கம்பத்துக்கு நடுவில் நிற்பவன் எந்தச் சங்கத்திலும் இல்லாதவன். கோல் விழுந்தால் எந்தச் சங்கத்துக்கும் வெட்கமில்லை பாருங்கள், அதற்காக. இதை எவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று நாங்களே பல வருடம் மெச்சிக்கொண்டோம்.

அந்தக் கோலி மாடசாமி, தோட்ட லொறியின் கிளீனர். பாவப்பட்ட மனிதர். எங்கள் மைதானம் நமுனுகுல மலையின் சரிவை வெட்டி எடுத்த இடம். கீழ்ப்பக்கக் கம்பத்துக்கு வலை கிடையாது. உள்ளே போன பந்து தேயிலைச் செடிகளுக்கு நடுவே உருண்டு ஓடை வரை போய்விடும். கோல் விட்டவன்தான் இறங்கிப் போய் எடுத்துவர வேண்டும் என்பது எழுதாத சட்டம். மாடசாமி ஒரு ஆட்டத்தில் ஏழு தடவை இறங்கி ஏறியதும் உண்டு.

மாரிசாமிக்கு இந்த ஒப்பந்தத்தின் மேல் இருந்த கோபம் சும்மா வந்ததல்ல. எழுபத்தொன்றில் அவருக்குப் பதினெட்டு வயது. அப்போது சங்கக் கணக்கு கிடையாது. கங்காணி மக்கள் முன்னால், மற்றவர்கள் பின்னால். முன்னால் ஆட வேண்டிய மாரிசாமியைப் பின்னால் நிறுத்தினார்கள். ஒரே ஒரு ஆட்டம். அதோடு ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்து ஞாயிறும் இல்லை, பந்தும் இல்லை என்றாகிவிட்டது. கல்யாணம் செய்தார், மனைவி சீக்கிரமே போய்ச் சேர்ந்தாள், பிள்ளை இல்லை. மிச்சமிருந்தது அக்கா மகனும் பெட்டி மூடியும்தான்.

பெரியாயிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. மகன் பேர் செக்ரோலில் ஏறக் கூடாது. என்னை எங்கே கண்டாலும் அதைத்தான் சொல்வார். தன் தாய் பேர், தன் பேர், தன் புருஷன் பேர் எல்லாம் அந்தப் புத்தகத்தில் ஏறியது போதும், ஜீவன் பேரை மட்டும் எழுதிவிடாதீர்கள் என்பார். நான் என்னவோ எழுத ஆசைப்பட்டு அலைவது மாதிரி. ஜீவன் பதுளையில் பள்ளிக்கூடம் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வந்தவன். இருபது வயதாகியும் தோட்டத்தில் பேர் பதியாமல், பதுளைக் கடைகளில் மூட்டை இறக்கி ஒரு மாதிரி சமாளித்துக்கொண்டிருந்தான்.

இனி மனேஜர் விஷயம். எங்கள் அணிக்கு மனேஜர் ஆவது ஒரு தண்டனை. ஒவ்வொரு தைப்பொங்கல் முடிந்த வாரமும் பெரட்டுக்களத்தில் கை தூக்கி ஆளைத் தேர்ந்தெடுப்போம். போன வருடம் யார் வாய் அதிகமோ அவர் தலையில் கட்டுவோம். பேசினாயல்லவா, செய்து பார் என்று. தொண்ணூற்றெட்டுப் பொங்கலுக்கு மாரிசாமி தலையில் கட்டினோம். நானும் கை தூக்கினேன். எல்லாரும் சிரித்தார்கள். மாரிசாமி சிரிக்கவில்லை. அவர் அதற்காகத்தான் இவ்வளவு வருடம் பேசியிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்த வருடம் அணி வேறு மாதிரி ஆடியது. ஒப்பந்தத்தை அவர் மீறவில்லை. ஆனால் முன்னால் இருந்த ஐந்து பேரைத் தினமும் வேலை முடிந்து மைதானத்துக்கு இழுத்து வந்தார். வர மறுத்தவன் வீட்டு இஸ்தோப்புத் திண்ணையிலேயே போய் உட்கார்ந்துகொண்டார். ஜூன், ஜூலையில் உலகக் கிண்ணத்தை பற்றரி டீவியில் பார்த்தோம். பற்றரி செத்த பிறகும் இருட்டுத் திரையைக் காட்டி யார் எங்கே நின்றார்கள் என்று விளக்கினார். ஓகஸ்டில் தோட்டங்களுக்கிடையேயான போட்டியில் எங்கள் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. எதிரே பச்சைக்காட்டுத் தோட்டம். செப்டெம்பர் இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பதுளை மைதானத்தில்.

அதற்கு மூன்று வாரம் முன்னால் கனகசுந்தரம் மாஸ்டர் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், பதுளையில் ஜீவனுக்குப் படிப்பித்தவர். கொழும்பில் ஒரு பெரிய அலுவலகத்து அணிக்கு ஆள் எடுப்பவர் அவருடைய பழைய கூட்டாளியாம். மாஸ்டர் அவருக்கு ஜீவனைப் பற்றி எழுதியிருந்தார். அவரும் இறுதி ஆட்டம் பார்க்க வருவதாகப் பதில் போட்டுவிட்டார். பிடித்துப்போனால் அணியில் இடமும் அந்த அலுவலகத்திலேயே நிரந்தர வேலையும் உண்டு.

"அந்த ஆள் முன்னுக்கு விளையாடுற பெடியனைத்தான் தேடுறார்" என்றார் மாஸ்டர். "என்ன செய்வீங்களோ தெரியாது, அண்டைக்கு அவனை முன்னுக்கு விடுங்கோ. இப்பிடி ஒரு சந்தர்ப்பம் திரும்ப வராது."

 மூன்றாம் நாள் மாரிசாமி என் குவாட்டர்ஸுக்கு வந்தார். ஒப்பந்தத்தை உடைத்தால் பத்துப் பேரும் லொறி ஏற மாட்டார்கள். ஆகவே உடைக்காமலே காரியம் பண்ண ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஜீவன் பின்னால் நிற்பது பெரியாயி புதுச் சங்கத்தில் இருப்பதால்தானே. அக்கா பெரிய சங்கத்துக்கு மாறிவிட்டால் ஜீவன் பெரிய சங்கத்து வீட்டுப் பிள்ளை. அப்புறம் அவன் முன்னால் ஆடுவதை எந்தப் பயல் கேட்பது? கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆறு வருடமாக எங்களை முட்டாளாக்கிய ஒப்பந்தத்தை அதன் கணக்கை வைத்தே மடக்குகிறார் என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

பெரியாயி லேசில் சம்மதிக்கவில்லை. அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவர் எங்களைத் திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"அவரு ஆஸ்பத்திரியில செத்தப்போ லொறி புடிச்சி பொணத்தக் கொண்டாந்து சேத்தது அந்தச் சங்கந்தான் தம்பி. தலைவரு நல்லையா அண்ணன் தோள் குடுத்துத் தூக்குனாரு. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வெலகுறேன்னு சொல்லுவேன்?"

"அவன் பேரு செக்ரோல்ல ஏறக் கூடாதுன்னு நீதானக்கா சொன்ன?" என்றார் மாரிசாமி.

பெரியாயி ஊதுகுழலைக் கீழே வைத்தார். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கடுதாசியைக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்டார். விலகல் கடிதத்தை நான்தான் எழுதினேன். புதிதாகச் சேரும் படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். அவர் தன் பேரை எழுத்து எழுத்தாக எழுதி முடித்தபோது கண் கலங்கியிருந்தது. புகை என்று சொன்னார்.

இந்த இடத்தில் என் தவறைச் சொல்ல வேண்டும். ஒருவர் சங்கத்திலிருந்து விலகினால் கடிதம் ஒபிசுக்குப் போன அன்றே பேர் வெட்டுப்படும். புதிய சங்கத்தில் பேர் ஏறுவது அடுத்த மாதம் முதலாம் தேதிதான். கணக்கப்பிள்ளைக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரியும். யார் அதையெல்லாம் தோண்டப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். மாரிசாமியிடம் சொல்லக்கூட இல்லை.

இருபதாம் தேதி காலை லொறி பெரட்டுக்களத்தில் நின்றது. அணியும் ரசிகர்களும் ஏறிக்கொண்டிருந்தார்கள். மாரிசாமி பெட்டி மூடியை மடியில் வைத்து முன்னால் உட்கார்ந்திருந்தார். அப்போது புதுச் சங்கத் தலைவர் நல்லையா லொறியின் முன்னால் வந்து நின்றார். பெரியாயி விலகியது அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அதில் நியாயமும் இருந்தது. பிணத்தைத் தூக்கிய தோளல்லவா.

"ரெண்டு வாரமா நெஞ்சுல கெடக்கு. இன்னைக்கிக் கேட்டுருறேன்" என்றார். "ஜீவன் யாரு ஆளு? எங்க ஆளு இல்லன்னா பின்னால நிக்க முடியாது. முன்னால நிக்கணும்னா அவங்க ஆளா இருக்கணும். ஐயாவே செக்ரோலப் பாத்துச் சொல்லட்டும்."

பெரிய சங்கத் தலைவர் முருகையா தன் ஆளை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று நான் நம்பினேன். ஆனால் ஜீவன் முன்னால் வந்தால் இடம் இழப்பது முருகையாவின் மச்சான். அதனால் அவரும் மெதுவாகத் தலையை ஆட்டி, ஐயா சொல்லட்டும் என்றார். ஆறு வருடத்தில் இரண்டு சங்கமும் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாரிசாமியும் பார்த்தார். அவர் முகத்தில் பயமே இல்லை. நான் என்ன சொல்வேன் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம்.

பெரிய சங்கம் என்று இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். யாரும் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் இருபத்தைந்து வருடம் செக்ரோலில் இருப்பதை மட்டுமே வாசித்துப் பழகிய வாய் இது. பிறகு ஒபிசில் விசாரணை வரும், துரை கூப்பிடுவார் என்ற பயமும் இருந்தது. அந்தப் பயத்தை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது.

"இந்த மாசம் ரெண்டுலயும் இல்ல" என்றேன்.

 மாரிசாமி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டிலும் இல்லாதவனுக்கு ஒப்பந்தத்தில் ஒரே ஒரு இடம்தான் உண்டு என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். மாடசாமி லொறியின் பின்பக்கத்திலிருந்து இறங்கி வந்தார். தன் கையுறைகளைக் கழற்றி ஜீவனிடம் நீட்டினார். நல்ல மனதோடுதான் செய்தார். மைதானத்திலாவது நில்லு தம்பி, கொழும்பிலிருந்து வருகிறவர் உன் காலைப் பார்க்கட்டும் என்றார். ஜீவன் மாமாவைப் பார்த்தான். மாரிசாமி வாங்கிக்கொள் என்று தலையசைத்தார். அதைத் தவிர அவரால் என்ன செய்திருக்க முடியும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது. கனகசுந்தரம் மாஸ்டர் கொழும்புக்காரரோடு மேடையில் உட்கார்ந்திருந்தார். ஜீவன் கையுறையோடு கம்பத்துக்கு நடுவில் போய் நின்றதைக் கண்டதும் மாஸ்டர் எழுந்துவிட்டார். பிறகு உட்கார்ந்தார். பிறகு ஆட்டம் முடியும் வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜீவன் கோலி இல்லை. கையால் பிடிக்க வேண்டிய பந்துக்குக் கால் முதலில் போனது. அரை நேரத்துக்குள் மூன்று கோல். எங்கள் ரசிகர்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒவ்வொரு கோலுக்கும் அவனைத்தான் ஏசினார்கள். காலையில் லொறிக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவர்கள்தான். மூன்று மணிக்கெல்லாம் மறந்துவிட்டார்கள்.

இடைவேளையில் மாரிசாமி மைதானத்துக்குள் போனார். மாடசாமியைக் கோலில் விட்டு ஜீவனை முன்னால் எடுக்கப் போவதாகச் சொன்னார். முருகையாவின் மச்சான் வெளியே வர வேண்டும். அவன் வெளியே வரவில்லை. புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவனைப் பார்த்து முன்வரிசையின் மற்ற நாலு பேரும் உட்கார்ந்தார்கள். எட்டு மாதம் வீடு வீடாகப் போய் இழுத்து வந்து பழக்கிய பிள்ளைகள். மாரிசாமி கையெடுத்துக் கும்பிட்டார். நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். ரெப்ரி நேரத்தைப் பார்த்தார், விசிலை வாயில் வைத்தார். ஜீவன் தானாகவே திரும்பிக் கம்பத்துக்குப் போய்விட்டான்.

நான் மேடைக்கு ஓடினேன். கொழும்புக்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். மாலை ரயிலுக்குப் போக வேண்டுமாம். என் உடைந்த சிங்களத்தில், அந்தப் பையன் கோலி இல்லை, முன்னால் ஆடுகிறவன், கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சினேன். மனிதர் மரியாதையாகத்தான் கேட்டார். பிறகு ஏன் அவனைக் கோலில் விட்டிருக்கிறீர்கள் என்றார். சங்கம், செக்ரோல், முதலாம் தேதி என்று நான் தொடங்கினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. யாருக்குத்தான் புரியும்? தங்களிடம் இரண்டு கோலி ஏற்கெனவே இருக்கிறார்கள் என்று சொல்லி என் தோளில் தட்டிவிட்டுப் படியிறங்கினார்.

அவர் போய்ப் பத்து நிமிடம் இருக்கும். பச்சைக்காட்டு ஆள் அடித்த பந்து ஜீவன் காலடிக்கு வந்தது. அதைக் கையால் எடுக்கவில்லை. கையுறைகளைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு பந்தோடு ஓடத் தொடங்கினான். முதல் ஆளைத் தாண்டினான். நடுக்கோட்டில் மூன்று பேர் வந்தார்கள், அவர்களைத் தாண்டினான். எங்கள் முன்வரிசைப் பயல்களே வழிவிட்டு விலகி நின்று பார்த்தார்கள். இத்தனை வருடமாக அந்தப் பெட்டி மூடியில் ஒரு விதை போன வழி அதுதான். கடைசியில் கோலியையும் வலது பக்கம் விழ வைத்துவிட்டு இடது பக்கம் மெதுவாகத் தள்ளினான். இவ்வளவு அழகான கோலை நான் டீவியிலும் பார்த்ததில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் எல்லாரும் குதித்தார்கள். நான் திரும்பி மேடையைப் பார்த்தேன். மாஸ்டருக்குப் பக்கத்துக் கதிரை காலியாக இருந்தது.

ஆட்டம் ஐந்துக்கு ஒன்று என்று முடிந்தது.

திங்கட்கிழமை பெரட்டு முக்கால் மணி நேரம் பிந்தியது. இடதுபக்கம், வலதுபக்கம், மனேஜர் என்று எப்போதும் போலச் சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டு, கடைசியில் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். கோலி சரியில்லை. மாடசாமி நின்றிருந்தால் இரண்டு கோலாவது குறைந்திருக்கும். கோலை விட்டுவிட்டு ஓடுகிறவனை யாராவது கோலில் போடுவார்களா, இந்த மனேஜருக்கு என்ன தெரியும்? மாரிசாமி ஸ்டோரிலிருந்து வந்து வழக்கமான இடத்தில்தான் நின்றார். பெட்டி மூடி கொண்டுவரவில்லை. 

நான் செக்ரோலைத் திறந்தபோது ஜீவன் என் பக்கத்தில் வந்து நின்றான். கையில் கவ்வாத்துக் கத்தி இருந்தது. அவன் அப்பாவுடையது.

"ஐயா, என் பேரப் பதிஞ்சிக்கங்க" என்றான்.

பெண்கள் வரிசையில் பெரியாயி நின்றார். கூடைக் கயிற்றை நெற்றியில் சரி செய்துகொண்டே இருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பாரேன் என்று ஜீவனிடம் மெதுவாகச் சொன்னேன். எதற்கு என்று கேட்டான்.  புத்தகத்தில் ஒரு புதிய வரி எடுத்து அவன் பேரை எழுதினேன். பேருக்கு எதிரே சங்கம் எழுதும் கட்டம் ஒன்று உண்டு. எந்தச் சங்கம் என்று கேட்க வேண்டியது என் வேலை, கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம்."

அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். பிறகு வரிசைப்படி எல்லார் பேரையும் கூப்பிட்டு, கடைசியாக அவன் பேரையும் கூப்பிட்டேன். வந்திருக்கிறேன் என்று சொன்னான். பெரியாயி தன் கூட்டத்தோடு மலைக்கு ஏறத் தொடங்கினார். தன் பக்கத்தில் அவர் வந்தபோது மாரிசாமி அக்கா என்று கூப்பிட்டார். அவர் நிற்கவில்லை. அதன் பிறகு தம்பியோடு அவர் பேசியதை யாரும் பார்த்ததில்லை. ஒரு தீபாவளிக்குக்கூட.

அடுத்த பொங்கலுக்கு மனேஜர் வேலையை என் தலையில் கட்டினார்கள். ஒப்பந்தத்தை ஒழித்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு கூட்டம் போட்டேன், இரண்டு தலைவர்களும் டீ குடித்துவிட்டுப் போனார்கள். முன்னால் ஐந்து, பின்னால் ஐந்து, நடுவில் ஒன்று. மாடசாமிக்கு முழங்கால் போய்விட்டதால் அந்த ஒன்று ஜீவன் ஆனான். எந்தச் சங்கத்திலாவது சேர்ந்தால் வேறு இடம் கிடைக்கும் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். சேர மாட்டேன் என்பான். காரணம் சொல்ல மாட்டான். ஏழு வருடமாக அவன்தான் எங்கள் கோலி, ஏழு வருடமாக அவன் நல்ல கோலி ஆகவில்லை.

இப்போது லயத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது. உலகக் கிண்ணத்தை வீட்டிலேயே பார்க்கிறார்கள். பெரட்டில் பேச்சு மட்டும் குறையவில்லை. யாரை எங்கே போடலாம் என்று யாரும் மாரிசாமியிடம் கேட்பதில்லை. அவர் ஸ்டோர் வேலையிலிருந்து நின்றுவிட்டார். ஐம்பதைத் தாண்டிய உடம்பு, நெஞ்சில் இரைப்பு வேறு. ஆனால் எங்கள் மைதானத்தில் ஆட்டம் என்றால் வராமல் இருக்க மாட்டார். ரசிகர்களோடு நிற்பதில்லை. கீழ்ப்பக்கத்தில், வலையில்லாத கம்பத்துக்குப் பின்னால், ஜீவனுக்குப் பின்னால் தனியாக நிற்பார்.

கோல் விழுந்தால் கோலிதான் இறங்கிப் பந்தை எடுக்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா. ஜீவன் ஒரு தடவையும் இறங்கியதில்லை. அவன் திரும்புவதற்குள் மாரிசாமி செடிகளைப் பிடித்துப் பிடித்துச் சரிவில் பாதி தூரம் போயிருப்பார். போன ஞாயிறு நாலு தடவை போனார். ஓடை வரை இறங்கி, மூச்சு வாங்கி வாங்கி மேலே ஏறி வரும்வரை ஆட்டம் நிற்கும். வேலிக்கு இந்தப் பக்கம் யாராவது சீக்கிரம் வா கிழவா என்று கத்துவார்கள். ஜீவன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்தபடி நிற்பான். அவர் வந்து பந்தை அவன் கையில் கொடுப்பார்.